பயிற்சி வீட்டில் குழந்தையைக் காணோம்

தொட்டிலில் மெத்தை இல்லை. அது கொடியில் காய்கிறது, பரவாயில்லை. மெத்தை காயும்வரை குழந்தையைத் துணிக்கூடையில் படுக்க வைத்திருந்தாள் சோடாபுட்டி. இப்போது குழந்தையைக் காணோம். கூடையையும் காணோம்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் காணோம்.

தொழிற்கல்விக் கல்லூரியின் பின்பக்கம் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்குப் பயிற்சி வீடு என்று பெயர். மனையியல் படிக்கும் பெண்கள் அதில் குடித்தனம் நடத்திக் காட்ட வேண்டும். மணி அடித்தால் வேலை மாறும். சமைத்தவள் துவைக்கப் போவாள், துவைத்தவள் அம்மா ஆவாள். முன்பெல்லாம் குழந்தைக்குப் பொம்மைதான். எல்லோரும் முதல் வகுப்பில் தேறவே நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்து, டைப்பிங் டீச்சரின் எட்டு மாதப் பையனைப் பகலில் இரவல் வாங்கியது. செல்லப் பெயர் துரை. அதன்பிறகு தேறியவர்கள் அபூர்வம்.

இன்று சோடாபுட்டிக்குச் செய்முறைத் தேர்வு. துரையைத் தூங்க வைக்க வேண்டும். ஆட்டக்கூடாது, பாடக்கூடாது, தூக்கக்கூடாது என்பது பாடப்புத்தகம். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. தேறினால் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மேற்பார்வை வேலை காத்திருக்கிறது. தவறினால் அண்ணி வீடு. அங்கேயும் அதே சமையல், அதே துவையல். சம்பளம்தான் கிடையாது.

"கூடையை யாருடி எடுத்தது?"

துவையல் முறைக்காரி வாயாடி தலையைச் சொறிந்தாள். "நிறைஞ்ச கூடை கிழிசல் தைக்கத் தையல் பிரிவுக்குப் போகணும்ல. கொண்டுபோய் வெச்சுட்டு வந்துட்டேன்."

"உள்ள பாக்கலையா?"

"மேல துண்டு கிடந்துச்சு. கனமாத்தான் இருந்துச்சு. போர்வைன்னு நினைச்சேன்டி."

இருவரும் ஓடினார்கள்.

தையல் பிரிவில் ஒரே நேரத்தில் அத்தனை மெஷினும் தடதடத்துக்கொண்டிருந்தன. நடுவில், வெட்டுத்துணிக் குவியல்மேல், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் துரை.

"வாங்கம்மா," என்றார் தையல் மாஸ்டர். "சட்டையில ஒரு பட்டன் இல்ல, வெச்சாச்சு. மத்தபடி உருப்படி நல்லாத்தான் இருக்கு."

"குழந்தைன்னு தெரிஞ்சும் சொல்லி அனுப்பலையா மாஸ்டர்?" என்றாள் சோடாபுட்டி.

"உங்க பிரிவுல என்ன வேணா அனுப்புவீங்க. போன வருஷம் பொம்மை வந்துச்சு."

பயிற்சி வீட்டு வாசலைத் தாண்டியதுமே துரை கண் விழித்தான். கூடத்தில் தேர்வாளர் அம்மாள் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வீடு விதிப்படி அமைதியாக இருந்தது. துரை ஊரைக் கூட்டினான்.

"ஆரம்பிம்மா," என்றார் தேர்வாளர்.

சோடாபுட்டி துரையைக் கூடையோடு தொட்டிலில் இறக்கினாள், அண்ணியை நினைத்தாள். "மேடம், தைக்கக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்கா?"

"என்னது?"

"ஆட்டக்கூடாது, பாடக்கூடாது, தூக்கக்கூடாது. தைக்கலாமா?"

தேர்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பின் அட்டை வரை போய்த் திரும்பினார். "அப்படி ஒண்ணும் போடலையே."

வாயாடியும் மாஸ்டருமாக ஒரு மெஷினைத் தூக்கிவந்து தொட்டிலருகே போட்டார்கள். சோடாபுட்டி மிதித்தாள். தடதடதட. துரை அழுகையைப் பாதியில் நிறுத்தினான். கொட்டாவி விட்டான்.

"சும்மா எதுக்கு ஓட்டற," என்று தேர்வாளர் தன் கைப்பையை நீட்டினார். "வார் பிஞ்சு கிடக்கு, அதையும் தைச்சிடு."

வார் சேர்ந்தது. துரை ஒரேயடியாகத் தூங்கிப் போனான். தேர்வாளர் முதலில் வாரை இழுத்துப் பார்த்தார். அப்புறம் குழந்தையை எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

சோடாபுட்டி மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. தொட்டிலுக்குள் ஒரு கண் திறந்தது.

"வாடி, உன் முறை," என்றாள் வாயாடியிடம், எழுந்து இடம் விட்டு. "தைக்கத் தெரியும்ல?"