கதவுக்கு அப்பால் என்ன ஆச்சு?

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவைத்து நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சற்று முன்பு இறக்கிவிட்ட நோயாளியை இதயப் பிரிவின் கதவு விழுங்கிவிட்டது. அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்ததே இல்லை. கேட்டால், "நீங்க சொந்தக்காரங்களா?" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"அண்ணே, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்," என்றாள் டிரைவரிடம். "நாம ஏத்துறவங்க பிழைக்கிறாங்களா இல்லையான்னே தெரியல. கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு."

டிரைவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'ஹாரன்'. வாயும் அப்படித்தான். "அதுக்கு என்கிட்ட அழுது என்னம்மா பிரயோஜனம்? அதோ வர்றாரு பெரிய டாக்டர், போய்க் கேளு!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

இதய மருத்துவர் நின்றார். வேறு வழியில்லாமல் அவள் கேட்டாள்: "சார், போன வாரம் நீச்சல் மாஸ்டர் ஒருத்தரைக் கொண்டு வந்தோம். வழியிலேயே இதயம் நின்னு, ஷாக் கொடுத்தோம். அவர் என்ன ஆனாரு?"

"கொண்டு வந்ததோட உங்க வேலை முடிஞ்சதேம்மா. அது எதுக்கு இப்போ?"

"கண் முழிச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு சார். 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னேன். சொன்னது பொய்யா நிஜமான்னு தெரியணும்."

மருத்துவருக்குச் சுருக்கென்றது. வார்டுக்குப் போய் நீச்சல் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு வந்தவர், இருவரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

திரையில் ஒரு இதயம் துடித்தது. வேர்போலப் படர்ந்த ரத்தக்குழாய்களில் ஒன்று, பாதியில் அறுந்ததுபோல் நின்றிருந்தது. அடுத்த படத்தில் அடைப்பு நீங்கி, ரத்தம் நுனிவரை குபுகுபுவென்று பாய்ந்தது.

"ஆளு மாடிப்படி ஏறிப் பழகிட்டிருக்காரு. நீங்க ஈசிஜியை முன்கூட்டியே அனுப்பினதாலதான் நாங்க தயாரா இருந்தோம். ஷாக் கொடுக்க நெஞ்சுல ஒட்டுற பேடை மட்டும் இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல ஒட்டுங்க."

நர்ஸுக்கு மெய் சிலிர்த்தது. அன்று நெஞ்சை அழுத்தியபோது தன் உள்ளங்கைகளுக்குக் கீழே கிடந்தது இதுதானா! ஹாரன் திரையைக் காட்டி, "ரோட்டுல நான் எவ்வளவு கத்தினாலும் இப்படி வழி விட மாட்டானுங்க சார்," என்றார்.

அவள் தயங்கிக் கேட்டாள். "அதுக்கு முன்னாடி ஒரு வெல்டரைக் கொண்டு வந்தோமே..."

மருத்துவர் தலை குனிந்தார். "அவரைக் காப்பாத்த முடியலம்மா. உங்க பக்கம் எந்தக் குறையும் இல்ல. கொண்டு வந்தவங்களுக்கு நன்றி சொல்லிடுங்கன்னு அவர் மனைவி அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அழுதாள். ஆனாலும் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

மருத்துவர் தன் உதவியாளர்களை அங்கேயே அழைத்தார். "பிழைச்சாலும் பிழைக்கலேன்னாலும், நோயாளிகிட்டயோ குடும்பத்துகிட்டயோ சம்மதம் கேட்டு, கொண்டு வந்தவங்களுக்குச் சொல்லியே ஆகணும். செஞ்ச வேலை என்ன ஆச்சுன்னு தெரியாம யாரும் அதைத் திருத்திக்க முடியாது, நிம்மதியாத் தூங்கவும் முடியாது. உயிரைக் கையில ஏந்தி வர்றவங்களை வாசலோட அனுப்புறதை இத்தனை நாளா வேலைப்பளுன்னு சொல்லிட்டிருந்தோம். அது வேலைப்பளு இல்ல, அலட்சியம்."