சரிபார்த்தவர் கட்டம்

சன்னல்கள் அனைத்திலும் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். கணினித் திரைமேல் வெளிச்சம் பட்டால் கோடு தெரியாது. ஆகவே, பொழுது விடிந்ததை அந்த வரைவுக்கூடத்துக்கு அறிவிப்பது கூட்டிப் பெருக்க வரும் அம்மாளின் வாளிச் சத்தம் ஒன்றுதான். அன்று அந்தச் சத்தம் கேட்டபோது, இரவெல்லாம் வரைந்த கைகள் இன்னமும் வரைந்துகொண்டிருந்தன. மின்செலவு மிச்சமாக வேண்டும் என்று குளிர்பதனத்தை முதலாளி மாலையிலேயே நிறுத்திவிடச் சொல்லியிருந்தார். கணினிகள் கக்கிய வெக்கையில் வியர்த்த மணிக்கட்டுகள் மேசைப்பலகையில் ஒட்டிக்கொண்டன; பிரித்தெடுக்கையில் தோல் சிவந்தது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரிந்தது. காலையில் கம்பி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் வரைபடங்கள் சைட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எல்லாரும் ஸ்கேல் அக்கா என்று அழைக்கும் மூத்த வரைவாளர் அந்த நேரத்திலும் முதுகை நிமிர்த்தியே அமர்ந்திருந்தாள். அந்த முதுகால் வந்த பெயர் அது. பக்கத்து மேசைக்காரன் நெட்டையன். மேசைக்கடியில் கால் கொள்ளாமல் நடைபாதையில் நீட்டிப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்குபவன். அவனுடைய மனைவியைப் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சற்று முன்தான் தொலைபேசி வந்திருந்தது. கடைசிப் படத்தை அவசரமாக முடித்துவிட்டு அவன் எழுந்தான்.

“அக்கா, ஒரு கைமாத்து.”

“கொடு. போய்ப் பொண்ணா பையனான்னு சொல்லு. உன்ன மாதிரி நெட்டையா இருந்தா இப்பவே பெரிய தொட்டிலா பார்த்து வை, கால் வெளிய நீட்டிக்கும்.”

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவள் அவனுடைய படத்தைத் திறந்து, மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்றிருந்த கட்டத்தில் தன் பெயரெழுத்துகளைப் பதித்து அனுப்பிவிட்டாள். படத்தை அவள் பார்க்கவில்லை.

கைமாற்று என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். முன்பெல்லாம் பின்வரிசையில் மூன்று பொறியாளர்கள் அமர்ந்து ஒவ்வொரு படத்தையும் வரிவரியாகப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார்கள். பெரிய டெண்டர் ஒன்று கைநழுவியதும் முதலாளி எல்லாருடைய சம்பளத்தையும் குறைத்தார்; அதுவும் போதாமல் அந்த மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். இனி ஒருவர் வரைந்ததைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக் கையெழுத்திடட்டும் என்றார். பார்ப்பதற்கு நேரம் கொடுக்க மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மறதி அவருக்கு வருவதில்லை. இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு என்று கையெழுத்துகள் மேசைக்கு மேசை கைமாறின. யாரும் யாருடையதையும் பார்க்கவில்லை. அது தப்பென்று அனைவருக்கும் தெரியும். ஆனாலும் தூக்கமில்லாத ஒருவனுக்குச் செய்யும் உதவியாகவே அது தோன்றியது.

இருபுறமும் சுவர் தாங்கும் தளத்துக்குக் கம்பி அடிப்பக்கமாக ஓட வேண்டும். ஒரு புறம் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபுறம் வெறும் காற்றில் நீளும் போர்டிகோவுக்கோ கம்பி மேற்பக்கமாக ஓட வேண்டும். வரைவுத் தொழிலில் முதல் மாதம் கற்கும் பாடம் இது. நெட்டையன் பழைய வேலை ஒன்றிலிருந்து ஒரு தளத்தை நகலெடுத்து, இழுத்து நீட்டி, புதிய வங்கிக் கட்டடத்தின் போர்டிகோ ஆக்கியிருந்தான். தளம் நீண்டது, கம்பி அடியிலேயே தங்கிவிட்டது. கான்கிரீட்டை அடியிலிருந்து முட்டுகள் தாங்கி நின்ற வரையில் அந்தப் பிழை வாயைத் திறக்கவில்லை. முட்டுகளைப் பிரித்த அன்று திறந்தது.

உச்சிப்பொழுதில் போர்டிகோ விழுந்தது. பிரித்த பலகைகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்த சித்தாள் ஒருத்தி அடியில் அகப்பட்டாள். அவளுடைய கணவர் அதே கட்டடத்தில் கம்பி கட்டுபவர். போர்டிகோவுக்குக் கம்பி கட்டியதும் அவரே. உடனே அவள் சாகவில்லை. உள்ளே இருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. கான்கிரீட்டை உடைத்தாலும் கம்பியை அறுத்தால்தான் ஆளை எடுக்க முடியும். எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்பது கட்டியவருக்குத்தானே தெரியும் என்று அறுக்கும் இயந்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் அறுத்தார். பொழுது சாய்வதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இதையெல்லாம் மறுநாள் மேனேஜர் கூடத்தில் நின்று சொல்லவில்லை. சைட்டில் ஒரு சின்ன அசம்பாவிதம், யாரும் யாரிடமும் பேச வேண்டாம், அவரவர் வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். விவரத்தைக் கொண்டு வந்தது கூட்டிப் பெருக்கும் அம்மாள்தான். அவர் சொல்லி முடித்தபோது ஸ்கேல் அக்கா வரைவதை நிறுத்தியிருந்தாள். எந்தப் போர்டிகோ என்று அவள் கேட்கவில்லை. நெட்டையனை முதலாளி அறைக்கு அழைத்திருந்தார்கள். வெளியே வந்தவன் அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அதன்பின் அவளை அழைத்தார்கள்.

முதலாளி குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. எதிர் நாற்காலியைக் காட்டி அமரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். மேசைமேல் அதே போர்டிகோவின் படம் விரித்திருந்தது. கம்பி இப்போது மேற்பக்கமாக ஓடியது. தேதி பழையது. ‘வரைந்தவர்’ கட்டத்தில் நெட்டையனின் எழுத்துகள் இருந்தன. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. சைட்டில் இருந்த பிரதிகளையெல்லாம் முந்தின இரவே வாங்கி வந்தாயிற்று என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“உங்க கையெழுத்து ஒண்ணுதான்ம்மா பாக்கி.”

“இதைப் போட்டா தப்பு யார் தலையில சார் விடியும்?”

“படம் சரியா இருக்கு. கம்பியைத் தலைகீழாக் கட்டிட்டான். வக்கீல்கிட்ட பேசியாச்சு.”

“செத்தது அவர் சம்சாரம்.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். அவன்கிட்ட இனிமே போறதுக்கு என்ன இருக்கு? உங்களுக்கு அப்படி இல்ல. வீட்டுல உங்க சம்பளம் மட்டும்தான். பையன் கடைசி வருஷம். அவனும் நம்ம தொழிலுக்குத்தானே வரப்போறான்? நாளைக்கு எங்க போய் நின்னாலும் என்னைத்தான் கேப்பாங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து போட்டால் போதும் என்றார். அவள் கதவை எட்டியபோது, நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளிவிட்டுப் போகச் சொன்னார். அவள் திரும்பி வந்து தள்ளினாள். அந்த அவமானம் வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

வாசலில், நியாயம் கேட்டு வந்த சைட் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்டுப் புழுதி படிந்த உடம்புகள், வெயிலில். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, உள்ளே இருக்கும் குழாய் ஊழியர்களுக்கு மட்டும் என்று காவலாளி சொல்லிவிட்டிருந்தான். அப்படிச் சொல்ல அவனுக்கு உத்தரவு. எல்லாருக்கும் பின்னால், கையில் எதுவுமின்றி அமர்ந்திருந்த மனிதரை அவளுக்கு யாரும் காட்டித் தர வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கைகளில் அறுக்கும் இயந்திரத்தைப் பிடித்து எழும்பிய கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவர் எழுந்து வந்தார்.

“நீங்க உள்ள படம் போடுறவங்களாம்மா?”

அவள் தலையசைத்தாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. படத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கட்டினேன். அப்படித்தான் கட்டினேன்னு நினைக்கிறேன். நான் தப்பாக் கட்டிட்டேனா?”

நினைக்கிறேன் என்ற அந்த ஒரு சொல் அவளைக் கொன்றது. மேனேஜரும் சைட் மேஸ்திரியும் ஒரே இரவில் அந்த மனிதரின் தலைக்குள் இவ்வளவு தூரம் புகுந்துவிட்டிருந்தார்கள். இன்னும் சில நாள் போனால், மனைவியைத் தானே கொன்றதாக அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் பதில் சொல்லவில்லை. மகனுடைய முகம் குறுக்கே வந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. கட்டத்தில் எழுத்தைப் பதித்தது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, அவ்வளவு சுலபமாகக் கால்கள் அவளை உள்ளே இழுத்துச் சென்றன.

கூடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நெட்டையன் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். புதிய படத்தில் எப்படியடா கையெழுத்திட்டாய் என்று அவள் கேட்டாள். அவன் ஒரேயடியாகக் கொட்டினான்.

“என்ன பண்ணச் சொல்றீங்க? பொறந்து மூணு வாரம். என்னை உள்ள தள்ளிட்டா பாலுக்கு நீங்க வருவீங்களா? நீங்க பார்த்திருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பீங்கல்ல? பார்க்கவே இல்லையே அக்கா, நீங்க பார்க்கவே இல்லையே.”

“பார்க்கல,” என்றாள் அவள். “இந்த ரூம்ல யாரும் யாருடையதையும் பார்க்கல.”

அந்தப் பேச்சு சுவரோரம் வரை போய்ச் சேர்ந்தது. சிலர் திரைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலு நாளில் ஆறிவிடும் என்றார் ஒருவர். சைட் ஆட்களுக்காக நாம் ஏன் தெருவில் நிற்க வேண்டும், நம் சம்பளம் குறைந்தபோது அவர்கள் வந்தார்களா என்று இன்னொருவர் கேட்டார். அது கேட்கக்கூடிய கேள்விதான்.

அப்போது கோடியில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் எழுந்தாள். கூடத்தில் அதிகம் பேசாதவள். அந்தப் போர்டிகோவை எங்கே வைத்தாய் என்று நெட்டையனைக் கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. முடித்த துண்டுப் படங்களை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுக் கோப்பில் போட்டு வைப்பது எல்லாரும் செய்வது, அவனும் போட்டிருந்தான்.

“நான் எடுத்தேன்,” என்றாள் அவள். “ஸ்கூலுக்கு.”

கூடம் அவளுடைய மேசையைச் சுற்றிக் கூடிற்று. அவள் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நீளமான போர்டிகோ, பிள்ளைகள் மழையில் நனையாமல் பேருந்தில் ஏறுவதற்கானது. கம்பி அடியில் ஓடியது. சரிபார்த்தவர் கட்டத்தில், நம் சம்பளம் குறைந்தபோது அவர்கள் வந்தார்களா என்று சற்று முன் கேட்டவரின் பெயரெழுத்துகள் இருந்தன. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கான்கிரீட் போட்டாயிற்று; இன்று மதியம் அங்கே முட்டு பிரிக்கிறார்கள்.

மேனேஜரிடம் ஓடினார்கள். அவர் முதலாளியிடம் போய் வந்து, பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் படம் தப்பென்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும், வக்கீல் வரும் வரையில் யாரும் எங்கும் பேசக் கூடாது என்று சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரரின் எண்ணைக் கேட்டதற்கும் கொடுக்கவில்லை.

ஸ்கேல் அக்கா முதலாளி அறைக்குள் போனாள். இம்முறை உட்காரவில்லை.

“கையெழுத்துப் போட வந்தீங்களா?”

“பதில் சொல்ல வந்தேன். போட மாட்டேன்.”

“யோசிச்சுப் பேசுங்க. பழைய படத்துல இருக்கிறதும் உங்க கையெழுத்துதான். முதல்ல ஜெயிலுக்குப் போறது நீங்க.”

“போறேன். பார்க்காமப் போட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். பார்க்க விடாதது யாருன்னும் சொல்லிட்டுப் போறேன்.”

“தனியாவா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால், முதலாளியின் கண்கள் அவள் தோளைத் தாண்டிப் போயின. கதவுக்கு வெளியே கண்ணாடிக்காரப் பெண் நின்றாள்; அவளுக்குப் பின்னால், ஸ்கூல் படத்தில் கையெழுத்திட்டிருந்தவர், அவருக்குப் பின்னால் வரிசை. எல்லாரும் வரவில்லை. பாதிப் பேர் இருக்கைகளிலேயே இருந்தார்கள். வந்தவர்களின் முகத்திலும் வீரம் ஒன்றும் இல்லை, வேர்த்திருந்தது. கடைசியில், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்தபடி, நெட்டையன் வந்து நின்றான். உங்கள் புதுப் படத்திலிருந்து என் எழுத்தை எடுத்துவிடுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

வாசலில் அவள் கம்பி கட்டுபவரின் முன் போய் நின்றாள்.

“நீங்க சரியாத்தான் கட்டினீங்க. தப்பா வரைஞ்சது நாங்க. பார்க்காம அனுப்பினது நான்.”

கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். அது அவளுடைய புடவையில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. நெட்டையனின் சட்டையை யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். பிடித்த கையை விலக்கியது செத்தவளின் தங்கை. அவளும் சித்தாள்தான். அக்காளைத் தூக்கிய துணியையே இன்னும் இடுப்பில் சுற்றியிருந்தாள்.

“அடிக்கிறதை அப்புறம் அடிக்கலாம்,” என்றாள். “இன்னும் எங்க எங்க இப்படி இருக்கு? அதைக் கேளுங்க முதல்ல.”

கண்ணாடிக்காரப் பெண் பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். அதன்பின் யாரும் எதையும் விவாதிக்கவில்லை. ஜல்லி இறக்கிவிட்டு வந்திருந்த லாரியில் ஏறினார்கள். சைட் ஆட்கள் முதலில், அவர்கள் கைகொடுக்காமலே வரைவாளர்கள் பின்னால். ஒரு திருப்பத்தில் லாரி குலுங்கியபோது ஸ்கேல் அக்கா விழப் போனாள். தங்கைக்காரி அவளுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். நின்றதும் கையை எடுத்துக்கொண்டாள்.

பள்ளியில் முதல் வரிசை முட்டுகளைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். ஆட்கள் இரண்டாம் வரிசைக்குச் சுத்தியலை ஓங்கியிருந்தார்கள். லாரி நிற்பதற்குள் கம்பி கட்டுபவர் குதித்து ஓடி, சுத்தியல் பிடித்த கையைப் பற்றிக்கொண்டார். பற்றிய கையை விடவில்லை. கொப்புளம் உடைந்த அந்தக் கைகளைப் பார்த்ததும், நேற்று நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த, முட்டும் பலகையும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் புரிந்துகொண்டு, சுத்தியலைத் தாழ்த்தி வெளியே வந்தார்கள்.

பிரிக்காவிட்டால் கூலி கிடையாது என்று பள்ளி வேலையின் மேஸ்திரி கத்தினான். தொலைபேசியை எடுத்தான். முட்டுகளை மீண்டும் யாரும் தொடாதபடி வரைவாளர்கள் திமுதிமுவென்று போர்டிகோவுக்கு அடியில் போய் நின்றார்கள். இதற்கு முன் எதையும் தடுத்து நின்றிராதவர்கள். எங்கே நிற்பது என்றும் தெரியவில்லை.

கம்பி கட்டுபவர் அவர்களைப் பார்த்தார். உண்மை தெரிந்த பிறகு அவர்களிடம் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

“அடியில நிக்காதீங்க. வெளிய வந்து நில்லுங்க.”

நெட்டையன் முதலில் வந்தான். மற்றவர்கள் அவன் பின்னால் வந்தார்கள். சென்ட்ரிங் ஆட்கள் கழற்றிய முட்டுகளை மறுபடி நிறுத்தி இறுக்கினார்கள். அது முடிந்ததும் எல்லாருமாகப் போர்டிகோவைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். சிமெண்டு படிந்த தோளும் படியாத தோளும் இடைவெளியில்லாமல். முதலாளியின் கார் பள்ளி வாசலில் திரும்பிற்று. அதற்குப் பின்னால் போலீஸ் வண்டி. வரிசை கலையவில்லை.