தானா மூடற மூடி

அவரு பேரு உங்களுக்கு எதுக்குங்க? எங்க ஊட்டுக்காரருன்னு சொன்னாப் போதாதா? கட்டினவ வாயில புருசன் பேரு வந்தா அவரு ஆயுசு கொறையும்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. நெசமோ பொய்யோ, சோதிச்சுப் பாக்கறதுக்கு எனக்கு இன்னொரு புருசனா இருக்காரு? நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்கும் சொல்லலை.

அது ஜெர்மன்காரன் சண்டைக் காலமுங்க. ராசிபுரத்துல தறி ஓட்ட நூலு கெடைக்கலை. நாமக்கல் ரோட்டுல இருந்த பஞ்சு பிரஸ்ஸுக்கு ரெண்டு பேரும் வேலைக்குப் போனோம். கொட்டை எடுத்த பஞ்சை அமுக்கி, இரும்புப் பட்டை போட்டுக் கட்டி, பேல் பேலா கோயமுத்தூர் மில்லுகளுக்கு அனுப்பற எடம். பட்டை எடுத்துக் குடுக்கறது என் வேலை.

முன்னால ஆளுங்க தள்ளிச் சுத்தற பிரஸ்ஸுதான் இருந்துச்சு. சுத்தறவன் இருமினாக்கூட அது நிக்கும். அந்த வருசம் பம்பாயில இருந்து புதுசு ஒண்ணைக் கொண்டாந்து எறக்கினாங்க. பெரிய மரப்பெட்டி, கெணறாட்டம் ஆழம். அதோட வாய் மாடியில, அடி கீழ் கட்டுல. மேல இருக்கற குழாய் வழியா பஞ்சு தானா வந்து விழும். கீழ ஒரு லீவரை இழுத்தா, மாடியில இரும்பு மூடி தானா நகந்து பெட்டி வாயை மூடும். அடிப்பலகை தானா எழும்பி பஞ்சை அமுக்கும். "இனிமே பாதி ஆளு போதும்"னு மேனேஜரு மீசையைத் தடவிக்கிட்டாரு.

ஆனா ஒண்ணு மட்டும் தானா நடக்கலை. பொசுபொசுன்னு கெடக்கற பஞ்சை முதல்ல ரெண்டு ஆளு பெட்டிக்குள்ள எறங்கி மிதிக்கணும், இல்லாட்டி பேலு கனம் சேராது. ஒரு ஆளு கருப்பண்ணன். இன்னொரு ஆளு யாருன்னு நான் சொல்லணுமா?

லீவர் புடிக்கறவரு சவரியாரு, சேலத்து வேதக்காரரு, மாதா கோயிலுக்குப் போறவரு. தங்கமான மனுசன். ஆனா அவரு நிக்கறது கீழ, மாடியில நடக்கறது ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. அதுக்காக மேனேஜரு ஒரு முறை வெச்சாரு. நான் பெட்டி வாய்கிட்டயே நிக்கணும். மிதிக்கற ஆளு வெளிய ஏறி வந்ததும், அவங்க பேரைக் கீழ கேக்கற மாதிரி கத்தணும். ரெண்டு பேரும் காதுல விழுந்தாத்தான் சவரியாரு லீவரைத் தொடணும்.

"எங்க ஊட்டுக்காரரு பேரை என்னால கத்த முடியாதுங்க"ன்னேன்.

"அப்ப வேற பொம்பளையப் பாத்துக்கறேன்"னாரு மேனேஜரு.

கருப்பண்ணன் சிரிச்சுட்டான். "அட விடு அம்மிணி, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு! முதல்ல நான் ஏறி வந்துடறேன். என் பேரை நீ கத்து. அவன் ஏறினதும் அவன் பேரை நான் கத்தறேன். தீந்துச்சா?"

சவரியாரும் ஒத்துக்கிட்டாரு. "உன் குரல்ல ஒரு பேரு, அவன் குரல்ல ஒரு பேரு. ரெண்டும் கேட்டாத்தான் இழுப்பேன் தாயி, பயப்படாதே"ன்னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஆனாலும் பயம் போகலைங்க. தெனமும் அவரு எறங்கறப்ப அந்தத் தலைப்பாகட்டு மறையறதைப் பாத்துக்கிட்டே நிப்பேன். அவருக்கு அது வெளையாட்டு. உள்ள இருந்துக்கிட்டு, "என்னடி, பொணத்தைப் பாக்கறாப்பல பாக்கறே?"ம்பாரு. "வாயைக் கழுவுங்க, நாக்குல சனியை வெச்சுக்கிட்டு!"ன்னு திட்டுவேன். சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சோத்தைப் போட்டாத்தான் எனக்கு உசுரு நிலைக்கு வரும்.

மாசி மாசம். எருமப்பட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியா பஞ்சு வந்து குமிஞ்சுடுச்சு. மத்தியானம் கஞ்சி குடிக்கக்கூட மேனேஜரு விடலை. பெட்டி நெறைஞ்சு, கருப்பண்ணன் கயத்தைப் புடிச்சு ஏறி வந்தான். "கருப்பண்ணன்!"னு நான் கத்தினேன். எங்க ஊட்டுக்காரரும் கயத்துல கையை வெச்சுட்டாரு. அந்நேரம் பாத்து, குழாயில அடைச்சுக் கெடந்த பஞ்சு ஒரே பொதியா மொத்துன்னு விழுந்துச்சு. ஆளைக் காணோம். தலைப்பாகட்டுக்கூடத் தெரியலை.

கூட்டாளி கண்ணு முன்னால புதைஞ்சு போனா யாரா இருந்தாலும் என்ன பண்ணுவாங்க? பேரைச் சொல்லித்தானே கூப்புடுவாங்க? கருப்பண்ணனும் அதைத்தான் பண்ணினான். குனிஞ்சு, தொண்டை கிழிய அவரு பேரைச் சொல்லிக் கத்தினான்.

சவரியாரு காதுல அது விழுந்துச்சு. ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சுன்னு அவரு லீவரை இழுத்துட்டாரு.

பெல்ட்டு சடசடன்னு ஓட ஆரம்பிச்சுது. மூடி நகந்துச்சு. கருப்பண்ணன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். தான் என்ன பண்ணிட்டோம்னு அப்பத்தான் அவனுக்கு ஒறைச்சுது. "ஐயையோ!"ன்னு அலறிக்கிட்டு படிக்கட்டுக்கு ஓடினான். படிக்கட்டு கட்டடத்துக்கு வெளிய, சுத்திக்கிட்டுப் போகணும். அவன் போயிச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"நிறுத்துங்க சவரியாரண்ணா! நிறுத்துங்க!"ன்னு கத்தினேன். பெல்ட்டும் என்ஜினும் போட்ட சத்தம் அதை முழுங்கிடுச்சு. உள்ள அடிப்பலகை எழும்ப எழும்ப, பஞ்சு பால் பொங்கறாப்பல மேல வந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள எங்கயோ அவரு. ஒரு முனகல்கூட இல்லை. பழைய பிரஸ்ஸா இருந்தா சுத்தறவன் மூஞ்சியப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டிருப்பேன். இந்த எழவுக்கு மூஞ்சி ஏதுங்க? அது பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டே வந்துச்சு.

பேல் கட்டற பட்டைக் கட்டு ஒண்ணு என் கையில இருந்துச்சு. மூடிக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவுல அதைச் சொருகினேன். கையும் கூடவே உள்ள போச்சு. கையை எடுக்க எனக்கு நேரமில்லைன்னு ஊருல பேசிக்கறாங்க. நேரம் இருந்துச்சுங்க. எடுத்தாப் பட்டை சரிஞ்சு உள்ள விழுந்துடும், மூடி மூடிக்கும். அதனால நான் எடுக்கலை.

மூடி வந்து கடிச்சுது. அந்த வலியை நான் சொல்ல மாட்டேன், கேக்கறவங்களுக்கு எதுக்கு. பட்டைக் கட்டு நசுங்கி, முறுக்கிக்கிட்டு, கடைசியில மூடி மாட்டிக்கிச்சு. நகர முடியாம பெல்ட்டு வழுக்கிக் கிறீச்சுன்னு கத்துச்சு. கருகின நாத்தம் வந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சவரியாரு லீவரை விட்டாரு.

என்ஜின் நின்னுச்சு. ஆனா மூடி தானா மூடத் தெரிஞ்சதே ஒழிய, தானாத் திறக்கத் தெரியலை. ஆளுங்க ஓடியாந்து, பெரிய சக்கரத்தைக் கையாலயே பின்னுக்குச் சுத்தினாங்க. இம்மி இம்மியாத்தான் திரும்புச்சு. நான் மூடி மேலயே கவுந்து கெடந்து, சந்துல வாயை வெச்சு, "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தேன். உள்ள இருந்து பதிலே இல்லை. போயிட்டாரு, என்னை விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஒப்பாரி வெச்சேன். சவரியாரு என்னைப் புடிச்சுக்கிட்டு, "மாதாவே, மாதாவே"ன்னு அழுதாரு.

மூடி திறந்ததும் அவரை வெளிய இழுத்துப் போட்டாங்க. உடம்பெல்லாம் வெள்ளை. மூக்குலயும் வாயிலயும் பஞ்சு. கருப்பண்ணன் வெரலை விட்டு அதைத் தோண்டி எடுத்து, முதுகுல நாலு அறை விட்டான். இருமினாரு. அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மேனேஜரு மாடிக்கு வந்ததும் முதல்ல மூடியைத்தான் தடவிப் பாத்தாராம், அவரு வாயில மண்ணு விழ.

சேலம் ஆசுபத்திரியில என் கையை மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. முழிச்சுப் பாத்தா, கட்டிலுக்குக் கீழ தரையில அவரு உக்காந்திருக்காரு, நெஞ்சைச் சுத்திக் கட்டு. மூச்சு விடவே செரமப்பட்டாரு.

"நீ ஏன் திருப்பிப் புடிக்கலை?"ன்னு கேட்டாரு.

எனக்கு வெளங்கலை. "எதைங்க?"ன்னேன்.

உள்ள ஒரே இருட்டாம். பஞ்சு கழுத்தை நெரிச்சுதாம். ஒரு கையை மட்டும் அசைக்க முடிஞ்சுதாம். மேல துழாவினப்ப சந்துல என் வெரலு தொங்கிக்கிட்டிருந்துச்சாம். மூடி திறக்கற வரைக்கும் அதை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தாராம். வாயெல்லாம் பஞ்சு, நான் கூப்புட்டதுக்குப் பதில் சொல்ல முடியலை, அதனால வெரலை வெரலை அமுக்கினாராம்.

"அமுக்கி அமுக்கிப் பாத்தேன். நீ திருப்பி அமுக்கவே இல்லை. அவ போயிட்டா, இனி எதுக்கு மூச்சு விடணும்னு விட்டுட்டேன்"னு சொல்லி, கொழந்தையாட்டம் அழுதாரு.

அவரு புடிச்சதே எனக்குத் தெரியாதுங்க.