மரணம்: இல்லை

எழுத்தைக் கைவிட்டவனை எழுத்து கைவிடுவதில்லை, கடல் தான் கொண்டுபோனதை எப்படியும் ஒருநாள் கரையில் சேர்ப்பதுபோல அதுவும் அவனைத் தேடி வந்தே தீரும்... ஆகா, என்று தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார் ரொபின்சன், இதை எங்காவது குறித்து வைக்கவேண்டும், ஆனால் கையில் இருந்தது கைபேசி மட்டும், அதில் திறந்திருந்தது 'மர்மரா மாளிகை' என்ற துருக்கித் தொடரின் ரசிகர்கள் ஆளாளுக்குத் தொடர்ச்சி எழுதிப் போடும் தளம், அங்கே அவருடைய பெயர், தொடரின் நாயகி பெயரால், நேஹிரின் தோழி, வயது இருபத்துமூன்று, படம் ஒற்றை ரோசாப்பூ. உண்மையில் வயது ஐம்பத்தொன்று, இருப்பது மன்னார் நகரில் முனவ்வர் நானாவின் அச்சகத்தில், மூலைக் கதிரையில், கைபேசி மேசைக்குக் கீழே. மேசைக்கு மேலே கணினியில் வெறுமையாக ஒரு பக்கம். நாலு மணிக்குள் அந்தப் பக்கத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும், இப்போது இரண்டேகால். அதோடு, கடல் எல்லாவற்றையும் கரையில் சேர்ப்பதில்லை, வங்காலைக் கடற்கரையில் பிறந்தவனுக்கு அது தெரியாதா, பிறகு ஏன் அப்படி ஒரு வசனம் வந்தது... அழகாக இருந்ததால் வந்தது. அவருக்கு வருகிற வசனங்களெல்லாம் இப்படித்தான், அழகாக வரும், பொய்யாக இருக்கும்.

வெறும் பக்கத்தில் வரவேண்டியது ஒரு கல்வெட்டு. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம், முன் அட்டையில் படம், உள்ளே பிறப்பு, இறப்பு, செபம், நடுப்பக்கத்தில் செத்தவரைப் பற்றிய விருத்தம். அந்த விருத்தம் இந்தக் கரை முழுக்க ரொபின்சனின் கை. கிறிஸ்தவ வேதமோ சைவமோ, யார் செத்தாலும் வங்கைவாணன், அதுதான் அவருடைய புனைபெயர், கவி பாடாமல் மண் மூடாது என்று அவரே ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். மேடையில் சொல்லாதது என்னவென்றால் கணினியில் 'பொது' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதில் பதினான்கு விருத்தம், கடலோடிக்கு மூன்று, ஆசிரியருக்கு இரண்டு, தாய்மாருக்கு ஐந்து, மற்றவர்களுக்கு மிச்சம். பெயரை மாற்றவேண்டும், ஊரை மாற்றவேண்டும், உறவுகளைச் சரிபார்க்கவேண்டும். ஒருமுறை சரிபார்க்காமல் விட்டதில், கலியாணமே கட்டாத கணக்கு வாத்தியாருக்கு 'மனையாள் கதறி வீழ' என்று போய்விட்டது, சனம் பூசை முடியும்வரை அந்த மனையாள் யாராக இருக்கும் என்று கோயிலுக்குள் வாங்கு வாங்காகத் திரும்பிப் பார்த்தது. ஆனால் இன்றைக்குப் பொதுக் கோப்பைத் தொடுவதில்லை என்று காலையிலேயே தீர்மானித்திருந்தார். இன்றைக்குக் கல்வெட்டு ஜெயகாந்துக்கு. தங்கை நிஷாந்தியின் மனுசன். அதற்கு முதலே சிநேகிதன், ஒரே வாங்கில் படித்தவன், அவருடைய கதைகளைப் பிரசுரமாக முதலே வாசித்துவிட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஏன்ரா ஒருத்தரும் சாப்பிடுகினமில்லை என்று கேட்டவன். முப்பத்தோராம் நாள் இல்லை. பதினெட்டு வருடம். இரண்டாயிரத்தேழு ஆவணியில் வங்காலையிலிருந்து அவன் விடியப் போன வள்ளம், திரும்பவில்லை, வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை, பூசையும் இல்லை. போன ஞாயிறு நிஷாந்தி திடீரென்று வந்து, பூசை ஒப்புக்கொடுக்கப் போறன் அண்ணா, கல்வெட்டு நீங்கள்தான் எழுதவேணும் என்றாள். ஏன் இப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

முனவ்வர் நானா வெட்டும் இயந்திரத்தில் கலியாண அட்டைகளை அடுக்கிக்கொண்டே நேஹிரின் தோழியின் பழைய அத்தியாயம் ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எருக்கலம்பிட்டி ஆள், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாரோடும் புத்தளம் போய் இருபது வருடம் கழித்து வந்து கடையைத் திரும்பத் திறந்தவர், எதற்கும் கலங்காத மனுசன், ஆனால் தொடரின் நூற்று நாற்பத்தெட்டாம் பகுதியில் நாயகன் யாவூஸ் புயலில் மூழ்கியபோது இரண்டு நாள் கடை திறக்கவில்லை. அந்தத் தளத்தை ரொபின்சனுக்குக் காட்டினதே அவர்தான். இந்த நேஹிரின் தோழி எண்டுற புள்ளை எழுதுறதைப் பாருங்க, கண்ணுக்கு முன்னால நடக்குது, நீங்களும் ஒரு புத்தகம் போட்டீங்களே ரொபின், நூறு பிரதி பின்னால கிடக்கு, இந்த ஊரில கழுதைகூட அதைத் திங்கல்ல என்றார். ரொபின்சன் சிரித்தார், சிரிப்புக்குள் நெஞ்சு பெருமையில் நிமிர்ந்தது, அந்தப் பெருமையை யாருக்கும் காட்டமுடியாத அந்தரம்... முதலில் அவரும் ஏளனமாகத்தான் வாசித்தார். தொடரை எடுத்தவர்கள் ஆளைக் கொன்றுவிட்டார்கள், ரசிகர்களோ அந்தப் பகுதி நடக்கவேயில்லை என்று தங்களுக்குள் தீர்மானம் செய்துவிட்டு எழுதுகிறார்கள், ஆயிரம் பேர், பிழை பிழையாக, வெட்கமில்லாமல். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அதில் சாவு உண்டா இல்லையா என்று போட்டுவிடவேண்டும், தாங்கமாட்டாதவர்கள் விலகிப் போகலாம். மரணம்: இல்லை. அந்த இரண்டு சொல்லை முதல்தடவை பார்த்தபோது அவர் கைபேசியை அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தார், பிறகு அதைத் தட்டச்சுச் செய்து பார்ப்பதற்காகவே ஒரு அத்தியாயம் எழுதினார் என்றும் சொல்லலாம். பதினேழு வருடத்தின் பின் கதையாக எழுதிய முதல் பக்கம். இப்போது முப்பத்தொரு அத்தியாயம். யாவூஸ் சாகவில்லை, ஒரு கரையில் ஒதுங்கினான், நடக்கத் தொடங்கினான், வழியில் பாலைப்பழம் பொறுக்கித் தின்றான், சூடைமீன் சொதியோடு புட்டுத் தின்றான், துருக்கியில் பாலைமரம் இருக்கா அக்கா என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது, இருக்கும் தங்கச்சி என்று நேஹிரின் தோழி பதில் போட்டாள்.

ம்க்கும், ம்க்கும்... திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர், சுவரோடு அவருடைய நூறு பிரதி. சோளகக் காற்றில் கூரைத் தகரம் அடித்திருக்கும். தகரம் இரண்டுதரம் அடித்துவிட்டு நிற்குமா? ஜெயகாந்த் யார் வீட்டுக்குப் போனாலும் கூப்பிடமாட்டான், வேலிக் கதவான படலையில் நின்று இரண்டுதரம் செருமுவான், மூன்றாம் தரம் செரும மாட்டான், திறந்தால் வருவான், திறக்காவிட்டால் போய்விடுவான். முப்பத்தோராம் அத்தியாயத்தின் முடிவில் யாவூஸ் மாளிகைப் படலையில் நின்று இரண்டுதரம் செருமினான். மாளிகைக்குப் படலை ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குமேல் மூன்று கிழமையாக ஒரு சொல் ஓடவில்லை, திறங்கோ அக்கா, திறங்கோ என்று நானூறு பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள். திறந்தால் என்ன சொல்வான்? அதுதானே தெரியாது. அன்றைக்கு, வள்ளம் போவதற்கு முதல் நாள் பின்னேரம், ஏழு மணி இருக்கும், அவர் மேசையில் கடலைப் பற்றிய ஒரு வசனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இரண்டாவது சொல்லை முதலாவதாக மாற்றுவதா விடுவதா என்று, படலையில் செருமல் கேட்டது, கேட்டது, நல்லாகவே கேட்டது, எழும்பினால் வசனம் போய்விடும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்த வசனம் இப்போது ஞாபகத்தில்கூட இல்லை. அடுத்த வருடம் ஒரு புத்தக வெளியீட்டில் மைக்கைப் பிடித்து, இந்தக் காலத்தில் மௌனமே என் படைப்பு, இனி எழுதமாட்டேன் என்று அறிவித்தார், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, தலைமை வகித்தவர் சாப்பாடு ஆறுது என்று மட்டும் சொன்னார். மௌனமாவது படைப்பாவது... எழுத உட்காரும்போதெல்லாம் படலை செருமியது, அவ்வளவுதான் விசயம்.

மூன்று மணிக்கு நிஷாந்தி வந்தாள், பஸ்சால் இறங்கி வெயிலுக்குள்ளால் நடந்து, கடித உறைக்குள் அடையாள அட்டைப் படத்தோடு. முனவ்வர் நானா அசர் தொழுகைக்கு எழும்பிப் போனார். அவள் கதிரையின் நுனியில் இருந்து கொஞ்சநேரம் வெறும் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு, அதையே பார்த்தபடி,

"நேஹிரின்ரை தோழி நீங்கள்தானே?" என்றாள்.

எந்த நேஹிர் என்று அவர் கேட்டுப் பார்த்தார், நடிப்பு அவருக்கு என்றைக்குமே வந்ததில்லை.

"துருக்கியிலை ஆர் அண்ணா படலையிலை நிண்டு செருமுறது?"

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை, மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள், முதல் அத்தியாயத்திலேயே பாலைப்பழத்தில் சந்தேகம் வந்ததாம், பிறகு ஒவ்வொரு வெள்ளியும் காத்திருந்து வாசித்தாளாம், மேலே மரணம் இல்லை என்று போட்டிருப்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் வாசிப்பாளாம்.

"முப்பத்தொண்டும் வாசிச்சனான். ஆள் நடந்துகொண்டே இருக்கிறார், படலை மட்டும் வாறார், நீங்கள் திறக்கிறீங்கள் இல்லை. அங்கை என்னவும் எழுதலாம், ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். அப்பிடி இருந்தும் உங்களாலையே கொண்டுவரேலாதெண்டால்... அதுதான் பூசைக்குக் குடுத்தனான்."

படத்தை மேசையில் வைத்தாள். எழும்பினாள். வாசலில் நின்று செருப்பைக் காலால் தேடிக்கொண்டே சொன்னாள்.

"அண்டைக்குப் பின்னேரம் உங்களிட்டை வந்தவர். நீங்கள் நித்திரை எண்டு திரும்பி வந்து சொன்னவர்." செருப்பு கிடைத்தது. "லைட் எரிஞ்சுதாம் எண்டும் சொன்னவர்."

"என்னத்துக்கு வந்தவன்?"

"சொல்லேல்லை. சிரிச்சவர்." நாலு மணிக்கு முதல் குடுத்துவிடுங்கோ அண்ணா, சனிக்கிழமை பூசை என்றுவிட்டுப் போனாள்.

மூன்று இருபது. ஒன்றை எழுதவேண்டும், ஒன்று அத்தியாயம், அல்லது கல்வெட்டு, அத்தியாயத்தை எழுதி இப்போதே போட்டால் அவள் பஸ்சுக்குள் இருந்து வாசிப்பாள், மன்னார்ப் பாலம் தாண்டுவதற்குள் வாசித்துவிடுவாள், திரும்பி வந்து பூசை வேண்டாம் என்பாள்... என்பாளா? முப்பத்திரண்டு. மரணம்: இல்லை. யாவூஸ் இரண்டுதரம் செருமினான். உள்ளே வெளிச்சம் எரிந்தது. நேஹிர் எழும்பினாள்... இல்லை, நேஹிரா எழும்பவேண்டும்? மேசையில் இருந்தவர் எழும்பினார், எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழும்பினார், இதோ வாறன் மச்சான் என்றார்... துருக்கி மாளிகைக்குள் இந்த மச்சான் யார், நானூறு பேரும் கேட்பார்களே, கேட்கட்டும், படலைக்குப் போகிறார், கொளுக்கியில் கை வைக்கிறார், அந்தப் பக்கம் நிற்கிறவனின் முகம்... முகம் வரவில்லை. மேசையில் படம் இருக்கிறது, அதைப் பார்த்தும் வரவில்லை, அடையாள அட்டைக்காக மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒரு பொடியன். அவன் என்னத்துக்கு வந்தான்? கடனாக எதுவும் கேட்கிறவன் இல்லை, கதை பேச வந்தானா, நாளைக்குக் கடல் சரியில்லை, போகட்டா விடட்டா என்று கேட்க வந்தானா, நில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்... அல்லது சும்மா. சும்மா வந்திருந்தால்தான் இன்னும் மோசம்.

அசர் முடித்து வந்த முனவ்வர் நானா கடிகாரத்தைப் பார்த்தார். "ரொபின், ஒங்கட மச்சான்ட கவி எங்க? தாள் ஏத்திட்டன்." தருகிறேன் நானா, கடைசி வரி என்றார் ரொபின்சன், முதல் வரியே இல்லாமல். நாலுக்கு ஐந்து நிமிடம். யாவூசைப் படலையில் விட்டுவிட்டுப் பொதுக் கோப்பைத் திறந்தார், ஒரே ஒருமுறை, அவசரத்துக்கு, ஜெயகாந்துக்கு இதெல்லாம் பெரிதாகப் படாது, அவன் சிரிப்பான். கடலோடி, இரண்டாவது, போன வருடம் பேசாலையில் எண்பத்தொரு வயதில் கட்டிலில் செத்த யாக்கோப்பு சம்மாட்டிக்குப் பாடியது, நல்ல எதுகை. பெயரை மாற்றினார். ஊர் அதில் இல்லை, நல்லதாகப் போயிற்று. அனுப்பினார். இயந்திரம் ஓடத் தொடங்கியது, கண்ணை மூடிக்கொண்டார், அது ஓடுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை, எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை... முனவ்வர் நானா சூடாக ஒரு பிரதியைக் கொண்டுவந்து கையில் வைத்தபோதுதான் கண்ணைத் திறந்து வாசித்தார்.

கடல்வழி வாழ்ந்த எங்கள் காவலா ஜெயகாந் தையா
உடல்மெலிந் தில்லாள் வாட ஊரெலாம் கூடி யேங்க
மடல்விரி தாழை யோரம் மணலிலே தடங்கள் தேடிப்
படலையில் பேரர் ஏழு பேருமே பார்த்து நிற்பார்.

முந்நூறு பிரதியும் அடித்து முடிந்திருந்தது. ஜெயகாந்துக்குப் பிள்ளைகள் இல்லை.