எண்ணெய் பூசாத கிண்ணம்

நவம்பர் 12, புதன்.

இன்று சிவப்புப் பொட்டு ஒட்ட மறந்தேன். சிறிய தவறு என்று முதலில் எழுதியிருந்தேன். 'சிறிய' என்பதை இப்போது அடித்திருக்கிறேன்.

படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வரும் பொருள்களைப் பதிவு செய்வது என் வேலை. நாங்களே வாங்கிய பொருளுக்கு நீலப் பொட்டு. அது நனையலாம், உடையலாம். அடுத்தவர் பொருளுக்குச் சிவப்பு. கேட்காமல் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. காலை ஒன்பதே காலுக்குக் கடைசல்கார அக்கா வந்தபோது பொட்டுத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அக்கா மரக்கிண்ணம் கடைபவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மதியம் ஒரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தோம். தவறிவிடுமோ என்ற பயத்தில் முன்னாலேயே வந்துவிட்டார். பழைய துண்டைப் பிரித்து ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். விளிம்பு நகத்தின் கனம்தான். விளக்குக்கு எதிரே பிடித்தபோது மரத்தின் வழியாக வெளிச்சம் செம்மையாகக் கசிந்தது. எட்டு மாதம் காயவைத்த மரம் என்றார். மூன்று கிண்ணம் கடைந்ததில் இரண்டு வெடித்துவிட்டனவாம்.

பெரிய கடை ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை கைவினைப் பொருள்களுக்கென்று புத்தகம் போடுகிறது. அதில் இடம் கிடைத்தால் வருஷம் முழுக்க ஆர்டர் வரும். வெள்ளைப் பின்னணி இருக்க வேண்டும், பக்கத்தில் வேறு பொருள் இருக்கக் கூடாது, இன்று மாலை ஆறு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் அக்கா செல்போனில் எடுத்து அனுப்பியதைத் திருப்பிவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் இல்லேன்னா மிஷினைக் குடுத்துட்டு எங்க நாத்தனாரோட துணிக்கடையில நிக்கப் போயிடுவேன். அவளுக்கும் எப்ப வருவேன்னுதான் இருக்கு," என்று சிரித்தார்.

முழு நாள் வாடகை அவருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு குளிர்பானக் கம்பெனி எடுத்திருந்த நாளில் நடுவே அரை மணி நேரம் அவருக்கென்று ஒதுக்கியிருந்தோம். அதே மேசை, அதே விளக்கு. சின்னப் பட்டறைக்காரர்களுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வந்தார். பாட்டிலின் லேபிளை மயிரிழை இடப்பக்கம் திருப்பச் சொல்வார், பிறகு அதே மயிரிழை வலப்பக்கம். கேமரா அண்ணன் பொறுமையாகத் திருப்பினார். பிளாஸ்டிக் ஐஸ்கட்டிகளை அடுக்கினேன். கிளிசரினும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து பாட்டில்மேல் அடித்தேன். வெறும் தண்ணீர் என்றால் விளக்குச் சூட்டில் உலர்ந்துவிடும். கிளிசரின் மணிக்கணக்கில் முத்து முத்தாக நிற்கும். ஒரு மணி ஆயிற்று. பிறகு இரண்டரை.

மூன்று மணிவாக்கில் கம்பெனிக்காரரின் கண் அலமாரியில் இருந்த கிண்ணத்தில் விழுந்தது. படம் வெறுமையாக இருக்கிறது, அது ஓரமாக இருக்கட்டுமே என்றார். வெளி அறையில் இருந்த அக்காவிடம் அண்ணன் போய்க் கேட்டார். என் கிண்ணத்துக்கு வந்த வாழ்வைப் பாருங்க என்று அக்கா தானே தூக்கிவந்து கொடுத்தார். பலகைத் தரையில் நடந்தால் பாட்டிலின் முத்துகள் உதிரும் என்பதால் அவரைத் திரும்ப வெளியே உட்காரச் சொன்னோம்.

"கிண்ணத்து மேலயும் நாலு சொட்டு நிக்கட்டும். ஜில்லுன்னு தெரியும்," என்றார் கம்பெனிக்காரர்.

அண்ணன் கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தார். நான் கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அக்காவுடையது என்று தெரிந்தும் பழக்கத்தில் கண் பொட்டைத்தான் தேடியது. சிவப்பு இல்லை. சுற்றிலும் அடித்தேன்.

ஐந்து பத்துக்கு அவர்கள் வேலை முடிந்தது. வெள்ளைத் தாளை விரித்தேன். அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்தார். தூறல் விழுந்த மண் தரை மாதிரி மேலெல்லாம் கருத்த புள்ளிகள். விரலால் தடவினார். நார் எழும்பிச் சொரசொரத்திருந்தது.

"என்னம்மா அடிச்சீங்க?"

சொன்னேன். நானாகவேதான் சொன்னேன்.

"நீதானேம்மா போன்ல சொன்னே, எண்ணெய் போடாதீங்க, லைட்டுல பளபளக்கும்னு. எண்ணெய் போட்டிருந்தா இது உள்ளே இறங்கியிருக்காதே."

ஆமாம் என்றேன். அண்ணன் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் என்பதை அப்போது சொல்லவில்லை. இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்கா பையிலிருந்து உப்புத்தாள் எடுத்து ஒரு புள்ளியைத் தேய்த்தார். நகக் கன விளிம்பு, அழுத்தினால் உடையும். பத்து இழுப்புக்குமேல் அவர் கை போகவில்லை. புள்ளி கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். அண்ணன் அப்படியே வைத்து மூன்று படம் எடுத்துத் திரையில் காட்டினார். படத்தில் அது பூசணம் பிடித்ததுபோல் இருந்தது. புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் அழிக்கலாமா என்று கேட்டேன். ஐந்து நாற்பது. அத்தனை புள்ளிக்கும் அரை நாள் ஆகும் என்றார் அண்ணன்.

அக்கா திரையின் ஓரத்தில் சிறியதாகத் தெரிந்த இன்னொரு படத்தைக் காட்டினார். பாட்டிலும் கிண்ணமும் இருந்த படம், சொட்டு அடிக்கும் முன் எடுத்தது. கிண்ணம் அதில் சுத்தமாக இருந்தது.

"இதுல பாட்டிலை வெட்டிட்டு, பின்னாடி வெள்ளையாக்கிக் குடுக்க முடியுமா, தம்பி?"

அண்ணன் கம்பெனிக்காரரைப் பார்த்தார். அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அது எங்க படம்மா. விளம்பரம் வர்றதுக்கு முன்னாடி வெளியே போகக் கூடாது. என் வேலை போயிடும்," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. போகும்போது அக்கா கையில் இரண்டு பாட்டில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் அக்கா வாங்கிக்கொண்டார்.

ஆறு மணி அடிக்கும்வரை அக்கா கிளம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு நாள் சும்மாவே எடுத்துத் தருவதாக அண்ணன் சொன்னதற்கு, அடுத்த வருஷம்தானே தம்பி என்றார். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு மாலை வகுப்பில் இருந்தேன். படங்களைத் திருத்துவது பற்றிய நான்காம் பாடம். பாதியில் அண்ணன் போனில் கூப்பிட்டார். வராந்தாவில் நின்று பேசினேன்.

"கம்பெனியில படம் பிடிச்சுதாம். கிண்ணம்தான் கண்ணை இழுக்குதாம், பாட்டில் மட்டும் போதும்ங்கறாங்க. நீதான் இதைப் படிக்கறியே, நீயே செஞ்சிடு. உன் முதல் வேலைன்னு வச்சுக்கோ," என்றார்.

சரி அண்ணா என்றேன்.

நாளை: காலை ஒன்பது மணி. மொத்தம் பதினோரு படம். ஒவ்வொன்றிலும் கிண்ணத்தை அழித்து, அந்த இடத்தில் மேசைமேல் விரித்த, மரம்போல் அச்சடித்த பிளாஸ்டிக் தாளின் மரவரியை நிரப்ப வேண்டும். நிழலையும் எடுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.