சீர் வண்டிக்குப் பெரிய பிஸ்டன்

கண்ணுச்சாமிக்குச் சந்தேகம் என்பது காலைக் காப்பி மாதிரி, அது இல்லாமல் பொழுது விடியாது. உரமூட்டை தையல் பிரியாமல் வந்தாலும் வாயைப் பிரித்து முகர்ந்து பார்க்கிற ஆள். மகள் அருணாதேவியைத் திருத்தங்கலில் கட்டிக்கொடுத்த அன்று, பந்தி நடக்கும்போதே சம்பந்தி வீட்டாரிடம், தன் பிள்ளைக்கு ஒரு சின்னக் குறை என்று காதில் விழுந்தாலும் அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கை நனைத்தார்.

இந்த வருஷம் ஆடிக்கு அழைத்தபோது மகள் மட்டும் சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். மாப்பிள்ளை அழகுராஜாவுக்கு அச்சாபீஸில் சீசன் வேலையாம். சீராகக் கொடுத்த நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டில் நிற்கிறது என்றாள். வண்டி நிற்கிறதாம், இவள் பஸ்ஸில் வருவாளாம். அவருக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை.

ஆவணியில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் திருத்தங்கல் பஸ் ஏறினார். தகவல் சொல்லிவிட்டுப் போனால் உள்ளது உள்ளபடி தெரியாது என்பது அவர் கட்சி.

வண்டி வாசலில்தான் நின்றது. ஆனால் இன்ஜினின் கீழ்ப்பாதி பழைய கருப்பாகவும் மேல்பாதி புத்தம்புது வெள்ளையாகவும் இருந்தது. சாவி அதிலேயே இருந்ததால் ஒரு உதை உதைத்துப் பார்த்தார். அவர் வாங்கிக்கொடுத்த வண்டியின் சத்தமே இல்லை, தடித்த குரலில் உறுமியது. சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த மகள், சர்வீஸ் விட்டதில் சத்தம் மாறிப்போச்சு என்றாள். சர்வீஸ் விட்டால் வண்டிக்குத் தொண்டையா மாறும்?

உள்ளே மாப்பிள்ளை வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமனாரைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் கும்பிடவில்லை. "வாங்க மாமா" என்றதோடு சரி. காப்பி டம்ளரையும் இடது கையால் நீட்டினான். கண்ணுச்சாமிக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. கொடுத்த சீர் பத்தவில்லை, வண்டி சின்னது என்று இளக்காரம், அதனால்தான் இந்த மரியாதை என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மகள் அடுப்படிக்குப் போகும்போது அவள் வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டார். கேட்டதற்கு, வெந்நீர் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். வெந்நீர் அப்படி ஒரே இடத்தில் வட்டமாகக் கொட்டாது. பெரிய வண்டி கேட்டு என் பிள்ளைக்குச் சூடு வைக்கிறார்களா? இன்றைக்கே இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் பேச்செடுக்கக் கூடாது. ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, நேராக மெயின் ரோட்டு மெக்கானிக் சுடலையிடம் போய் நின்றார். தான் யார் என்று சொல்லவில்லை, பேச்சுவாக்கில் அந்த வண்டியைப் பற்றி விசாரித்தார்.

"அதுவா? நாந்தாங்க இன்ஜின் மேல்பாதி பிளாக்க மாத்தி பெரிய பிஸ்டன் போட்டுக் குடுத்தேன். லோடு வச்சா பழைய இன்ஜின் இழுக்கல. மழை பெஞ்சா கரிசக்காட்டுல பாதியில நின்னுரும்."

"மாப்ள... அந்தத் தம்பிக்கு எதுக்கு அம்புட்டு லோடு?"

"அவரு எங்க ஓட்டுறாரு? சித்திரையில கட்டிங் மிஷின்ல வலது கை விரலு நாலும் போயிருச்சுல்ல. அந்தப் பிள்ளதான் ஓட்டுது. அச்சாபீஸ் லேபிள் கட்டெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அதுதான் கொண்டுபோயிப் போடுது. பழகும்போது சைலன்சர்ல கால வச்சுப் பொசுக்கிக்கிருச்சு, பாவம்."

கண்ணுச்சாமி அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மருமகன் கும்பிடாததற்கும் காப்பியை இடது கையால் கொடுத்ததற்கும் அவர் போட்ட கணக்கை நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை மாசமாகத் தனக்கு மட்டும் தெரியாமல் போனது சுருக்கென்று தைத்தது.

அப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்து, அருணாதேவி வண்டியை எடுத்துவிட்டாள். சுடிதாருக்கு மேல் புருஷனின் பழைய சட்டை, பின்னால் தலைக்கு மேலே லேபிள் கட்டுகள். கடையைத் தாண்டும்போது அவரைக் கண்டு பிரேக் அடித்தாள். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

"ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. மாப்ள வேண்டாம்னாரா?"

"அவுக சொல்லிருவோம்னுதான் சொன்னாக. நாந்தான் விடல. தெரிஞ்சா நீங்க வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவீகன்னு பயம். அவுகளுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிடக்கூட ஆளு வேணும்ப்பா."

அவர் வண்டியில் சரிந்திருந்த லேபிள் கட்டை நேராகத் தள்ளி வைத்தார்.

"இப்பயும் கூட்டிட்டுப் போகத்தான வந்தீக?"

"இல்லத்தா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் உரமூட்டையைப் பார்க்கிற பார்வை. அப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் நம்பவில்லை. தான் லோடு போட்டுத் திரும்புவதற்குள் இவர் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் ஏதாவது பேசிவிடுவார் என்று நினைக்கிறாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அந்தா பஸ் வருது. ஏறுங்கப்பா."

"நீ போத்தா, லோடு நேரமாகுதுல்ல. நான் ஏறிக்கிடுதேன்."

"இல்ல. நீங்க மொதல்ல ஏறுங்க."

ஏறினார். ஜன்னலோரமாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். பஸ் கிளம்பி நகர்கிற வரைக்கும் அவள் போகவில்லை. அவர் நடுவில் இறங்கிவிடுகிறாரா என்று வண்டியை உறுமவிட்டுக்கொண்டே பார்த்து நின்றாள்.