சந்தேக நோட்டு

அன்று ஐந்து மணிக்குள் டாக்டரம்மா வேலையை முடித்தாக வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணியான தங்கையை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் நாள். தங்கை ஐந்து மணிக்கு நேரே ஆறாவது மாடி கிளினிக்குக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பத்து வருடம் தவமிருந்து தங்கிய பிள்ளை அது. பெறப்போகிறவளைவிட அக்காவுக்குத்தான் படபடப்பு அதிகம். ஊருக்கெல்லாம் நிதானம் சொல்லிக்கொடுப்பவளுக்குச் சொந்த வீட்டில் அது பலிக்கவில்லை, என்ன செய்ய!

உண்மையில் அவள் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் தியானம். எண்ணம் வந்தால் சரியா தப்பா என்று விசாரிக்காதே, மூச்சைக் கவனி, வந்த வழியே போய்விடும் என்பாள். பலருக்குக் குணமாகியும் இருந்தது.

கடைசி ஆள் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு முன் மனைவி இழுத்துக்கொண்டு வந்தபோது மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். பழுது பார்த்த லிஃப்ட்டையே நாலு தடவை திரும்பப் போய்ப் பார்ப்பார். சோற்றில் கை வைத்தால் ஏதோ ஒரு போல்ட் ஞாபகத்துக்கு வரும், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். சந்தேகம் வந்த கட்டிடங்களை எழுத ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். மூன்றாவது வாரம் டாக்டரம்மா அதை வாங்கி, அவர் கண்முன்னாலேயே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அன்று அழுதார். அன்றிரவே நன்றாகத் தூங்கினார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பத்து நிமிட மௌனம் முடிந்து அவர் கண்ணைத் திறந்தார்.

"தெளிவா இருக்கேம்மா. போன வாரம் ஒரு பெரிய பரீட்சையே பாஸ் பண்ணிட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"இந்த பில்டிங் லிஃப்ட்டுதான். சர்வீஸ் முடிச்சுக் கீழ வந்துட்டேன். பிரேக்ல எண்ணெய் கசிஞ்சிருந்த மாதிரி ஒரு எண்ணம்."

"திரும்பப் போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லவே இல்லை. வண்டியிலேயே உக்காந்து இருபது மூச்சு எண்ணினேன். போயிடுச்சு."

பாராட்ட வேண்டிய இடம். வழக்கம்போல அவள் வாய் தானாக, "ரொம்ப நல்லது" என்றது. சொன்ன பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக மூன்று நிமிடம்.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். லிஃப்ட் வாசலில் சிவப்பு எண் மூன்றைக் காட்டியது. படியிறங்கிப் பிடிக்க முடியாது. போனோ, சிகிச்சை அறை வழக்கப்படி, மேசை டிராயருக்குள் அணைந்து கிடந்தது. நான்கு.

மெக்கானிக் நிதானமாகப் பின்னால் வந்து நின்றார். "படபடப்பா இருக்கீங்கம்மா. எண்ணம்தானே, வரும், போகும். மூச்சைக் கவனிங்க."

ஐந்து. உள்ளே எதுவோ தேய்ந்து இழுபடும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. லிஃப்ட் தளத்தைத் தாண்டி ஒரு சாண் மேலே போய் நின்றிருந்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி இறங்கப் பார்த்தாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிற? இது போட்ட ஆட்டத்துல உள்ள இருக்கிறதே முழிச்சுக்கிச்சு."

டாக்டரம்மா அவளைத் தாங்கி இறக்கி, கட்டிப்பிடித்து அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது.

மெக்கானிக் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தார். "அட, நெசமாவே கசிஞ்சிருக்கு" என்றார். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் லிஃப்ட்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, இது ஒண்ணுதானா?"

"நிறையம்மா. வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். எல்லாத்தையும் விட்டாச்சு."

"எந்தெந்த பில்டிங்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஒரு ஸ்கூல் இருந்துச்சு. ஒரு ஆஸ்பத்திரியோ என்னவோ. மத்ததெல்லாம் ஞாபகம் இல்லம்மா. நோட்டு இருந்தா சொல்லியிருப்பேன்."

தங்கை மணியைப் பார்த்தாள்.

"வாக்கா, படியிலேயே மெல்ல இறங்கிடலாம். ஸ்கேனுக்கு நேரமாச்சு, அந்த ஆஸ்பத்திரியில வேற நாலாவது மாடி, லிஃப்ட்லதான் ஏறணும்."